இடைவெளி எண் 160

புதுச்சேரியில் சில வீடுகளில் கீபோர்டு இரண்டு விதமாக இருக்கும். நேரு வீதிக் கடைகளில் வாங்கியது ஒன்று. அதன் எழுத்து வரிசை க்யூ, டபிள்யூ என்று தொடங்கும். பிரான்சிலிருந்து வந்தது இன்னொன்று. அது ஏ, இசட் என்று தொடங்கும். அந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்து ‘அசெர்த்தி’ என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களில் யாராவது ஒரு மாமா பாரிசுக்குப் பக்கத்தில் இருப்பார். விடுமுறைக்கு வரும்போது தான் பயன்படுத்திய லேப்டாப்பை அக்கா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படி வந்து சேர்ந்த ஓர் அசெர்த்தி கீபோர்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில் டெபியன் மாநாடு ஒன்று நடந்தது. டெபியன் என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் 1993 முதல் கட்டி வரும் இயங்குதளம். அதன் உலக மாநாடு அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் நடக்கவிருந்தது. அதற்கு முன்னோடியாக நம் பக்கத்து ஊரில் ஒரு சிறு மாநாடு. புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம் என்பதால் எங்கள் ஊர் மாணவர்கள் பலர் போய்வந்தார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு நாமும் ஏதாவது செய்யலாம், அதற்குப் பெரிய கம்பெனியில் வேலை பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள். வாரக் கடைசியில் நாங்கள் கூடும் மாடி அறைக்கு அதன் பிறகு புது முகங்கள் வரத் தொடங்கின. அந்த மாணவியும் அப்படித்தான் வந்தார். பொறியியல் படிப்பு, பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு வழி. கையில் மாமா கொடுத்த லேப்டாப்.

அவர் செய்து வைத்திருந்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவருடைய பாட்டி இன்னும் ‘புஸ்ஸி வீதி’, ‘துய்ப்ளே வீதி’ என்றுதான் சொல்வாராம். வரைபடத்தில் அவை லால் பகதூர் சாஸ்திரி வீதி, ஜவகர்லால் நேரு வீதி. பாட்டி வழி சொன்னால் பொருள் கொண்டுவரும் பையனுக்குப் புரிவதில்லை. பையன் கேட்பது பாட்டிக்குப் புரிவதில்லை. எங்கள் ஊரின் நீலநிறத் தெருப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் மேலும் கீழுமாக இருந்தாலும், ஒரே தெருவுக்குத் தமிழில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் நடமாடுகின்றன. இந்தப் பெண் தெருத்தெருவாக நடந்து பலகைகளைப் படித்து, பழைய பெயர், புதிய பெயர், பிரெஞ்சு வடிவம், தமிழ் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிறு பைத்தான் பேக்கேஜ் ஆக்கியிருந்தார். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் மற்ற வடிவங்களைத் திருப்பித் தரும். பிரான்சுவா மர்த்தேன் வீதியில் வால் முளைத்த ‘சே’ வரும். கால்வே சுப்பராய செட்டி வீதியில் தலைக்கோடு போட்ட ‘ஏ’ வரும். அசெர்த்தி கீபோர்டில் இந்த எழுத்துகள் எண்களின் வரிசையிலேயே, ஒரே தட்டில் விழும். அந்த லேப்டாப் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று சொன்னார்.

பேக்கேஜ் செய்தால் போதாது, பிறர் கண்ணில் படவேண்டும். இந்திய மொழிகளுக்கான கருவிகளைத் தொகுக்கும் ஒரு திறமூலப் பட்டியலில் அதைச் சேர்க்க விரும்பினார். அந்தப் பட்டியல் என்பது ஒரே ஒரு ஜேசன் கோப்பு. ஒரு பேக்கேஜுக்கு ஒரு வரி: பெயர், ஒரு வாக்கியத்தில் விளக்கம், முகவரி, உரிமம், எந்தெந்த மொழிகள். சேர்க்க விரும்புகிறவர் கோப்பைத் தன் கணக்குக்குப் பிரதி எடுத்து, தன் வரியைச் சேர்த்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோரிக்கை அனுப்புவார். மனிதர் யாரும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிரல் ஓடி, கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்கும். இந்தச் சரிபார்ப்பு அவசியமானது. ஒரு வரியில் ஓர் அடைப்புக்குறி பிசகினாலும் மொத்தப் பட்டியலும் யாராலும் படிக்க முடியாததாகிவிடும்.

அவர் அனுப்பினார். சிவப்புக் குறி விழுந்தது.

பிழைச்செய்தி ஒரே வரி. ‘எதிர்பாராத குறி’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எந்தக் குறி என்று காட்டவேண்டிய இடத்தில் வெறுமையாக இருந்தது. அதன்பின், ஜேசனில் இத்தனையாவது இடம் என்று ஒரு பெரிய எண். அந்த இடத்தைத் தேடிப் போனால் அவருடைய வரியின் தொடக்கம்: ஒரு சுருள் அடைப்புக்குறி, ஓர் இடைவெளி, மேற்கோள் குறி. ஆயிரக்கணக்கான வரிகள் அதே மாதிரிதான் அங்கே இருக்கின்றன.

வழக்கமான சந்தேகங்களை எல்லாரும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முந்தைய வரியின் முடிவில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். கடைசிப் புலத்துக்குப் பின் காற்புள்ளி மிகுதியாக இருக்கும். மேற்கோள் குறி வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். எதுவும் இல்லை. பிறகு ஒருவர் அந்த வரியை எடுத்து பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் கன்சோலில் ஒட்டிப் பார்த்தார். மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. “ஓடுதே அண்ணா! அப்போ என் ஃபைல் சரிதானே?” என்றார் மாணவி. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருடைய வரி சரி என்றால் பிழை சரிபார்க்கும் நிரலின் கான்ஃபிக் கோப்பில்தான் இருக்கவேண்டும். அங்கிருந்து அந்த மாலையின் பெரும்பகுதி அந்தக் கோப்புக்குள் போனது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் எந்தப் பதிப்பு, கோப்பு எந்தக் குறியாக்கத்தில் வாசிக்கப்படுகிறது, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் வரி முடிவுகளை மாற்றிவிடுகிறதா, தமிழ் எழுத்தைப் பார்த்து நிரல் தடுமாறுகிறதா என்றெல்லாம் தோண்டினோம். கடைசிச் சந்தேகம் வேறு மொழிக்காரர்களுக்கு வந்திருக்காது. முப்பது ஆண்டுகளாகத் தமிழை உடைத்துக் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் காட்டிய நிரல்களோடு பழகிய நமக்கு, எதில் பிழை வந்தாலும் தமிழால்தானோ என்று கை முதலில் அங்கேதான் போகும். விளக்கத்தில் இருந்த தமிழ்ச் சொற்களை அவர் நீக்கிப் பார்த்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

வரியை முழுதும் அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னேன். அடித்தார். மறுபடியும் சிவப்பு, ஆனால் இடத்தைக் காட்டும் எண் மாறியிருந்தது. முன்பு சுருள் அடைப்புக்குறிக்குப் பின்னால் சுட்டியது, இப்போது மொழிகளின் பட்டியலைத் திறக்கும் சதுர அடைப்புக்குறிக்குப் பின்னால் சுட்டியது. அதே வரியை என் லேப்டாப்பில் நான் அடித்து அனுப்பினேன். பச்சை.

ஒரே வரி. அவர் அடித்தால் பிழை, நான் அடித்தால் பிழை இல்லை. அறையில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும் கட்டளை, இந்த வரிகள் வேறு வேறு என்று அடித்துச் சொன்னது. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரிந்தன. அப்போதுதான், எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பைட்டுகளைப் பார்க்கவேண்டும் என்று உறைத்தது. லினக்ஸில் கோப்பைக் காட்டும் ‘கேட்’ கட்டளையோடு பெரிய ‘ஏ’ சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாதவற்றையும் ஏதாவது ஓர் அடையாளம் போட்டுக் காட்டும். என் வரியில் அடைப்புக்குறிக்குப் பின் வெறும் இடைவெளி. அவருடைய வரியில் அதே இடத்தில் ‘எம்-பிஎம்-’ என்று ஒரு கொத்து. பதினாறடிமான எண்ணில் சொன்னால் சி2, ஏ0 என்ற இரண்டு பைட்டுகள். யூனிகோடில் அது 160ஆம் எழுத்து. சாதாரண இடைவெளியின் எண் 32.

160 என்பது முறியாத இடைவெளி. அதன் இரு பக்கமும் உள்ள சொற்கள் வரி மாறும்போது பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும். யூனிகோடு வருவதற்கு முன்பே மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கத்தில் அதே எண்ணில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது அன்றாடத் தேவை. அவர்கள் கேள்விக்குறி, வியப்புக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார்கள். தங்கள் இரட்டை அம்பு மேற்கோள்களின் உட்பக்கத்திலும் விடுவார்கள். அந்த இடைவெளி முறிந்தால் கேள்விக்குறி மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் நிற்கும். அதனால் பிரெஞ்சு விசை அமைப்புகளில் அதற்கு எளிதில் எட்டும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாணவியின் லினக்ஸில் இருந்த அமைப்பில், ஸ்பேஸ் பாரின் வலப்பக்கம் உள்ள ஆல்ட்-ஜிஆர் விசையை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் 160 விழும்.

அவருடைய கையைப் பார்க்கச் சொன்னேன். அசெர்த்தியில் எண் வரிசையை அக்சன்ட் எழுத்துகள் பிடித்துக்கொண்டதால் நிரலாளருக்கு வேண்டிய குறிகள் எல்லாம் ஆல்ட்-ஜிஆருக்குப் பின்னால் போய்விட்டன. சுருள் அடைப்புக்குறி வேண்டுமா, ஆல்ட்-ஜிஆரோடு 4. சதுர அடைப்புக்குறிக்கு 5. செங்குத்துக் கோட்டுக்கு 6. வலது கட்டைவிரல் ஆல்ட்-ஜிஆரை அழுத்தியிருக்கும்போதே அடைப்புக்குறி விழுகிறது. உடனே அடுத்த தட்டு ஸ்பேஸ். கட்டைவிரல் எழும்பக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தால் 32க்குப் பதில் 160. வேகமாக அடிப்பவருக்குத்தான் இது நேரும். எப்போதும் நேராது; அதனால்தான் பிழையின் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பிரான்சில் லினக்ஸ் பயன்படுத்தும் நிரலாளர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். டெர்மினலில் செங்குத்துக் கோடு போட்டு ஒரு கட்டளையை இன்னொன்றுக்கு அனுப்பும்போது, ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று பதில் வந்து திகைத்தவர்கள் அங்கே ஏராளம். எங்கள் ஊரில் அந்தக் கீபோர்டுகள் இத்தனை இருந்தும் இந்தச் செய்தி மட்டும் கப்பல் ஏறி வரவில்லை.

பிரவுசர் ஏன் ஏற்றுக்கொண்டது என்பதுதான் இதில் அழகான இடம். ஜாவாஸ்கிரிப்ட் மொழி 160ஐயும் வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும். அதன் விதியில் அப்படி எழுதியிருக்கிறது. அந்த மொழியிலிருந்து பிறந்த ஜேசன் அப்படி இல்லை. 2017இல் வெளியான அதன் வரையறை நான்கே நான்கு வெற்றிடங்களைத்தான் அனுமதிக்கிறது: சாதாரண இடைவெளி, டேப், வரி முடிவுக்கான இரண்டு குறிகள். தாய் ஏற்றுக்கொண்டதைப் பிள்ளை மறுத்துவிட்டது. நாங்கள் தாயிடம் போய்ச் சாட்சி கேட்டுவிட்டு, பிள்ளைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

காரணம் தெரிந்ததும் அறையில் இருந்த ஒருவர் சொன்னார்: “இதுக்குத்தான் சொல்றது, கோடு எழுதணும்னா அமெரிக்கன் கீபோர்டுக்கு மாறிடணும்.” நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மாணவி உடனே, “தெருப் பெயரை எதுல அடிக்கிறது அண்ணா?” என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் அந்த யோசனையில் உடன்பாடு இல்லை. அசெர்த்தியில் குறைகள் உண்டு. பெரிய எழுத்துகளுக்கு அக்சன்ட் போட அதில் சரியான வழி இல்லை என்று பிரான்சின் பண்பாட்டு அமைச்சகமே 2016இல் குறைப்பட்டு, 2019இல் புதிய தர அமைப்பு ஒன்று வெளியானது. ஆனாலும் ஒருவர் தன் மொழியை எழுதப் பயன்படுத்தும் கீபோர்டு பிழையின் காரணம் ஆகாது. முறியாத இடைவெளி கிடைக்கவேண்டிய இடத்தில், கிடைக்கவேண்டிய முறையில்தான் கிடைத்தது. ‘எதிர்பாராத குறி’ என்று சொல்லத் தெரிந்த நிரலுக்கு, அந்தக் குறி 160 என்று சொல்வதில் என்ன சிரமம்? அந்த எண் அதன் கையில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒரு மாலை வீணாகியிருக்காது. எங்கள் அறையில் நாலுபேர் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. வீட்டில் தனியாக இருந்து முதல்முறை அனுப்புகிற பிள்ளை என்ன செய்யும்? இது நமக்கான இடம் இல்லை என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடும். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலிலும் பதிவாகாது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

லினக்ஸில் இந்தத் தொல்லையை அடியோடு நிறுத்த ஒரு வழி உண்டு. கீபோர்டு அமைப்புக் கோப்பில் ‘என்பிஎஸ்பி நன்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எந்த விசையோடு தட்டினாலும் சாதாரண இடைவெளிதான் விழும். அவர் அதைப் போட்டுப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார். பிரெஞ்சில் கடிதம் எழுதும்போது அந்த இடைவெளி தனக்கு வேண்டும் என்றார். அதற்குப் பதிலாக எடிட்டரில் 160 வரும் இடமெல்லாம் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும்படி அமைத்துக்கொண்டார். கமிட் செய்வதற்கு முன்னால் ஜேசன் கோப்புகளில் அது இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு வரி நிரலையும் கிட்டில் சேர்த்தார். சாதாரண இடைவெளியோடு அவருடைய வரி பச்சையானது. பட்டியலைப் பராமரிப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அவர் அதோடு விடவில்லை. அதே பட்டியலின் சரிபார்ப்பு நிரலுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். பிழை நேர்ந்த இடத்தில் இருக்கும் எழுத்து ஆங்கில அகரவரிசைக்கு அப்பாற்பட்டதாக இருந்தால் அதன் யூனிகோடு எண்ணையும் பெயரையும், கோப்பில் எத்தனையாவது வரி என்பதையும் சேர்த்துச் சொல்லும் திருத்தம். அதை எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் வேறு என்னென்ன என்று தேடிப் பார்த்தார். ஒல்லியான முறியாத இடைவெளி 8239. அகலமே இல்லாத இடைவெளி 8203. கோப்பின் தலையில் சில எடிட்டர்கள் தாமாகச் செருகிவிடும் 65279. ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே நுழைத்த சோதனைக் கோப்புகளைச் செய்து அனுப்பினார். பராமரிப்பாளர் ஒருவர் எங்கோ தொலைவான நேரவலயத்திலிருந்து கேள்விகள் கேட்டார். இவர் பொறுமையாகப் பதில் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

இந்த வேலை அவருடைய கண்ணை வேறு விதத்திலும் பழக்கிவிட்டது. தன் தெருப்பட்டியலையே எண்களாகப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள், ஸ்ரீ அரவிந்தர் வீதி பட்டியலில் இரண்டு தடவை இருக்கிறது, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எச்சரிக்கும் தன் நிரல் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தார். இதற்கு விடை தமிழிலேயே இருந்தது. ‘ஸ்ரீ’ என்று திரையில் தெரியும் வடிவத்தை இரண்டு வகையாகக் குறியேற்றலாம். பழைய பழக்கம் ‘ஸ’வை முதலாக வைப்பது. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்து தமிழுக்குச் சேர்க்கப்பட்டபின், அதை முதலாக வைப்பதே முறை என்றானது. பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் அதே வடிவத்தைத்தான் வரைகின்றன. ‘கொ’ போன்றவற்றில் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் சேர்த்து அடித்தாலும், இயல்பாக்கம் என்ற முறையால் நிரல் ஒன்றாக்கிக்கொள்ளும். ‘ஸ்ரீ’க்கு அந்தச் சலுகை இல்லை, யூனிகோடின் கணக்கில் அவை இரு வேறு சொற்கள். திருவரங்கத்தையோ திருவில்லிபுத்தூரையோ ‘ஸ்ரீ’ போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்காமல் போனவர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பார்கள். தமிழில் தேடுபொறியோ அகராதியோ நூலகப் பட்டியலோ செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் தன் பேக்கேஜில் புதிய முறைப்படி சேமித்து, யாராவது பழைய முறையில் கேட்டாலும் கிடைக்கும்படி செய்துவிட்டார்.

சரிபார்ப்பு நிரலுக்கான திருத்தம் சில மாற்றங்களுக்குப் பிறகு ஏற்கப்பட்டது. அடுத்ததாக அவர் காரைக்கால், மாஹே, ஏனாம் தெருக்களையும் சேர்க்க முனைந்தார். புதுச்சேரி என்ற ஒன்றியப் பகுதி எங்கள் ஊரோடு அந்த மூன்றும் சேர்ந்ததுதானே. காரைக்காலுக்குத் தமிழ் போதும். ஏனாமுக்குத் தெலுங்கு தெரிந்த வகுப்புத் தோழி கிடைத்தார். மாஹேக்கு மலையாளம் வேண்டும். அங்கே ‘சில்லு’ எழுத்துகள் என்று சில உண்டு. மெய்யோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பானைச் சேர்த்து எழுதுவது பழைய வழி. 2008இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனி எண்களைக் கொடுத்தது. இரண்டு வழியும் இன்றும் புழங்குகின்றன. மாஹேயிலிருந்து வந்த முதல் பட்டியலைத் திறந்ததும் அவர் பெயர்களைப் படிக்கவில்லை. நேரே டெர்மினலுக்குப் போய் பைட்டுகளைத்தான் பார்த்தார்.